விளம்பர இடைவேளையில் ஒரு விசாரணை

மாலை ஏழரை மணித் தொடருக்கு நல்லதாக ஒரு பெயர் உண்டு. அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. "ஏழரை ஆரம்பிச்சாச்சு" என்றால் போதும், அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அத்தை முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். "எத்தனை கொலைகாரனோட வாக்குமூலத்தை இந்தக் கையால அடிச்சிருக்கேன்! எனக்கே இவன் தண்ணி காட்டுவானா?" என்று தொடரின் டைரக்டரைத் திட்டுவார்.

டைரக்டர் காட்டிக்கொண்டுதான் இருந்தார். இருநூறு பகுதிகளில் அத்தை நாற்பத்தொரு பேரைக் கொலைகாரன் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். நாற்பத்தொரு பேரும் நிரபராதிகள். தங்கமான மனுஷன் என்று அவர் நற்சான்று கொடுத்த டாக்டரோ, போன வாரம் விஷ ஊசியோடு பிடிபட்டார்.

"அம்மா கைகாட்டினா அந்த ஆள் பொழைச்சான்னு அர்த்தம்" என்று மகள் இரவுப் பணிக்குக் கிளம்பும்போதெல்லாம் சிரிப்பாள்.

மாப்பிள்ளைக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அவர் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு அதிகாரி. இரண்டாம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தங்கக் கடிகாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து காணவில்லை. பூட்டு உடையவில்லை. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. நாளைக் காலை பத்து மணிக்குள் விசாரணை அறிக்கை வேண்டும், அதில் ஒரு பெயரும் வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். பெயர் யாருடையதோ, அவருக்கு வேலை போகும், போலீஸ் வரும்.

மாப்பிள்ளை எதையும் முறையாகச் செய்பவர். தாளில் மூன்று பேரை வரிசையாக எழுதி வைத்திருந்தார்: காவலாளி, துப்புரவு செய்யும் அம்மா, பெட்டியைப் பழுதுபார்த்த தச்சர். அறிக்கையை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தாயிற்று. எந்தப் பெயரை எழுதினாலும் அது நிற்குமா என்ற சந்தேகம் விடவில்லை.

அத்தை கைகாட்டிய பெயர் எதுவும் கடைசிவரை நின்றதாகச் சரித்திரம் இல்லை. அப்படியானால் அவர் கைகாட்டாத பெயரை எழுதிவிட்டால் என்ன?

தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

திரையில், எரிந்துபோன வக்கீல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"அடப்பாவி, இவனை முந்தாநாள்தானே எரிச்சாங்க? சாம்பல்லேர்ந்து சட்டை கசங்காம எந்திரிச்சு வர்றானே!" என்றார் அத்தை.

முதல் விளம்பர இடைவேளை வந்தது.

"அத்தை, ஆபீஸ்ல வேற ஒரு தொடர் பத்திப் பேசிக்கிறாங்க" என்று ஆரம்பித்த மாப்பிள்ளை, கடிகாரம் காணாமல் போன கதையைச் சுருக்கமாகச் சொன்னார். "அதுல ஒரு காவலாளி. மூணு வருஷத்துல ஒருநாள்கூட வேலை நேரத்துல தூங்கினதில்லை."

"அவன்தான்! நேர்மையான காவலாளின்னா ஒரு குட்டித் தூக்கமாவது போட மாட்டானா?"

மாப்பிள்ளை தாளில் காவலாளியை அடித்தார்.

திரையில், கோமாவில் இருந்த கதாநாயகிக்கு ஒரு விரல் அசைந்தது.

"ரெண்டு மாசமா மயக்கத்துல கிடக்கிறா. தினமும் அவளுக்குக் கண்மை தீட்டி விடுறது யாரு? தீட்டுறவளைப் பிடிச்சு விசாரிங்கடா, எல்லாம் வெளிய வரும்."

இரண்டாவது இடைவேளையில் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "துப்புரவு வேலை பார்க்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அத்தை. கடிகாரம் இல்லைன்னு முதல்ல பார்த்துச் சொன்னதே அவங்கதான்."

"காவலாளிக்குக் கூட்டு! முட்டை போட்ட கோழிதானே மாப்பிள்ளை முதல்ல கொக்கரிக்கும்?"

அந்த அம்மாவும் அடிபட்டார். மாப்பிள்ளை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இனி மிச்சம் தச்சர் மட்டும்தான். தச்சராவது தங்க வேண்டும்.

அடுத்த பத்து நிமிடத்தில் கதாநாயகிக்கு இரட்டைச் சகோதரி ஒருத்தி முளைத்தாள். "மூணாவது இரட்டை!" என்று அத்தை கணக்குச் சொன்னார்.

மூன்றாவது இடைவேளை. "ஒரு தச்சர் உண்டு, அத்தை. ஆனா அன்னிக்கு அவர் ஊர்லயே இல்ல. பாவம், அவர் பண்ணியிருக்க மாட்டார், இல்ல?"

"ஊர்ல இல்லாதவன்தான் எல்லாத்துக்கும் மூளை. மூணு பேரும் சேர்ந்து அடிச்ச கொள்ளை இது. எழுதி வெச்சுக்கோங்க!"

எழுதி வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தாளில் மூன்று கோடுகள்தான் மிஞ்சின.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அத்தை. மூணு பேர்ல ஒருத்தரையாவது விட்டுடக் கூடாதா?"

"எதுக்கு விடணும்? கதைல வேற யாரும் இல்லையா?"

"விசாரிக்கிற அதிகாரி ஒருத்தர் இருக்கார். பெட்டிச் சாவி அவர்கிட்டதான் இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

அத்தை முதல் முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து, மாப்பிள்ளையை வாஞ்சையோடு பார்த்தார்.

"சேச்சே, அவர் மேல துளி சந்தேகமும் வராது. உங்களை மாதிரி தங்கமான மனுஷனா இருப்பார். அவர் எடுக்கலைன்னு நான் எந்தக் கோர்ட்ல வேணாலும் சத்தியம் பண்ணுவேன்."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. தாளைக் கசக்கினார். தொடர் முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

காலுறைகள் வைக்கும் இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்த தங்கக் கடிகாரத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர அருங்காட்சியகத்துக்கு ஓடினார்.