பிரேக் தேய்கிற கார்

"ஐயா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது."

கழற்றிய பிரேக் பேட்டைக் கணபதியின் மூக்குக்கு நேரே நீட்டினான் றில்வான். மலையக ஊரான லுணுகலைக்கு வந்து கராஜ் போட்டு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் இந்தக் காருக்கு மூன்றாவது தடவையாகப் பேட் மாற்றுகிறான்.

கணபதி பழைய டயரின் மேல் உட்கார்ந்து, அவன் கொடுத்த பால் விடாத பிளேன்டியை மெதுவாக உறிஞ்சினார். "எப்படி ஓட்டணும்னு சொல்லுங்க தம்பி, கேட்டுக்கிறேன்" என்றார்.

"போன தடவையும் சொன்னேனே. எறக்கத்துக்கு முந்தியே கியரக் கொறைங்க. செகண்ட்ல விட்டா எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். வளைவு தெரிஞ்சதும் எக்ஸலேட்டர்லருந்து கால எடுங்க. முன்னால போற பஸ்ஸ ஒட்டிக்கிட்டே போகாதீங்க. சும்மா பிரேக் மேல கால வச்சுக்கிட்டே வந்தா தேயாம என்ன செய்யும்?"

கணபதி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மனைவி இறந்தபின் மலைமேல் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். குவைத்திலிருக்கும் மகள் நிஷாந்தினி வாங்கிக் கொடுத்த கார் இது. பஸ் ஏற முழங்கால் இடம் கொடுக்காத மனிதருக்குக் கீழே இறங்க வேறு வழியில்லை.

புது பேட்டை மாட்டி முடித்ததும் றில்வானுக்கு ஞாபகம் வந்தது. "பின்னால பிரேக் லைட்டும் எரியல. நீங்க மேல் வளைவுல எறங்கி வர்றப்பப் பார்த்தேன், ஒருக்காகூட சிவப்பு தெரியலையே."

பெடலை மிதித்துப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. ஏதோ வயர் லூஸ் என்று விட்டுவிட்டான்.

"இனிமே ஒங்க மகள்கிட்டதான் பேசணும். கார வித்துடச் சொல்றேன். ஒரு நாளைக்குப் பள்ளத்துல கெடப்பீங்க."

கணபதிக்கு முகம் செத்துவிட்டது. "வேணாம் தம்பி" என்று அவர் எழுவதற்குள் றில்வான் போனைப் போட்டுவிட்டான்; ஸ்பீக்கரில் நிஷாந்தினி வந்துவிட்டாள். றில்வான் புகாரைக் கொட்டினான்.

அவள் சிரித்தாள். "யாரு, எங்க அப்பாவா? ரிட்டயர் ஆகுற வரைக்கும் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து லொறி ஓட்டினவருங்க. பிரேக்கத் தொடாமலே மலை எறக்குவாரு. நல்லாப் பாருங்க, வேற யார் காராவது இருக்கும்."

றில்வான் போனை வைத்துவிட்டுப் பின் லைட்டைப் பார்த்தான். பிறகு கணபதியைப் பார்த்தான்.

"அப்ப இது எப்பிடி ஐயா தேயுது?"

"ஹேண்ட்பிரேக்கக் கொஞ்சம் இழுத்து வச்சுக்கிட்டே எறங்குவேன், அதுக்கு லைட் எரியாது" என்ற கணபதி, காலிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தேயலன்னா, எதச் சொல்லிக்கிட்டு தம்பி நான் இங்க வந்து ஒக்காருவேன்?"