ஒரு சீட், இரண்டு முதுகு

"யாருக்குக் காது குத்தறீங்க?"

அளவு மேடம் போட்ட சத்தத்தில் ஹெலிகாப்டர் கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

பறக்கும்போது முதுகுக்கு எவ்வளவு அதிர்வு போகிறது என்று அளக்கும் ரப்பர் தட்டு அவர் ஒரு கையில். அதற்கடியில் ஒளித்திருந்த ஸ்பாஞ்சு இன்னொரு கையில். எதிரே மீசை. அந்த ராணுவ ஹெலிகாப்டரின் பின் சீட்டில் பன்னிரண்டு வருஷமாகப் பறக்கிறவர்.

"மூணு நாளா இதான் வேலையா? அதிர்வு குறைச்சலாவே காட்டுதே, மெஷின் கெட்டுப்போச்சோன்னு நான் மண்டையைப் பிச்சுக்கிட்டேன்!"

மீசை தலையைச் சொறிந்தார்.

"புது சீட் ஒண்ணே ஒண்ணுதான் வருதாம் மேடம். அதிர்வு எங்க ஜாஸ்தியோ அங்கதான் போடுவாங்களாம். பைலட் சார் முதுகு ரொம்ப மோசம். இறங்கினா ஷூ லேஸ் கட்டக்கூடக் குனிய முடியலை. அவருக்கே கிடைக்கட்டும்னுதான்..."

மேடம் ஸ்பாஞ்சை மெல்லக் கீழே வைத்தார்.

அதற்குள் பைலட் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"யோவ், வெட்கமா இல்ல? அளவுலயா தில்லுமுல்லு? மேடம், இவனை மறுபடி அளங்க!"

"அளக்கறேன் சார். உங்க சீட்டையும் பார்த்துடறேன்."

"எ... என் சீட் எதுக்கு? அது நல்லாத்தானே இருக்கு!"

முகம் போன போக்கே சரியில்லை. மேடம் விறுவிறுவென்று ஏறிப்போய் முன் சீட்டின் தட்டைத் தூக்கினார்.

அடியில் நாலாக மடித்த கம்பளி.

"சார், நீங்களுமா?" மீசை வாயைப் பிளந்தார்.

"ராத்திரி நீ முதுகைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் பைலட், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மறுநாள் ஸ்பாஞ்சும் இல்லை, கம்பளியும் இல்லை. முன்னும் பின்னும் அளவு பாதுகாப்பு எல்லையைத் தாண்டி எகிறியது.

"இப்ப யாருக்கு மேடம் சீட்?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

மேடம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணுதான்னு எவன் கிளப்பிவிட்டான்? எல்லை தாண்டின அத்தனை சீட்டையும் மாத்தணும்னுதான் உத்தரவு. உங்க பெருந்தன்மையை நம்பியிருந்தா ஒண்ணுகூட வந்திருக்காது. உண்மைக்கு ரெண்டு வருது, போங்க!"