சொம்பை எடுத்து உள்ளே வை

"யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ள வை!"

வெல்டர் குரல் கொடுத்ததும் சாப்பாட்டு அறையில் சிரிப்பு எழுந்தது. பெஞ்சில் திறந்திருந்த டப்பாக்கள் எல்லாம் படபடவென்று மூடிக்கொண்டன.

வாசலில் நின்ற சிக்னல்காரர் யாரையும் பார்க்கவில்லை. மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் டப்பாவைத் திறந்தார்.

அந்தத் தொழிற்சாலையில் எல்லார் டப்பாவிலும் எல்லார் கையும் போகும். ஒருத்தன் டப்பாவில் யாரும் கை வைக்கவில்லை என்றால், அவனை ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

கிரேன்காரரும் சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார். துரோகத்தில் அடிபட்டவர் அவர்தானே!

இரும்புச் சரக்கைத் தூக்கிப் போகும் பெரிய கிரேனை இத்தனை வருஷமாக ஓட்டியவர் அவர். கூரைக்குக் கீழே, கூண்டு மாதிரி ஓர் அறையில் ராஜாவாக உட்கார்ந்திருப்பார். சரக்கு எங்கே இறங்குகிறது என்பது அவ்வளவு உயரத்திலிருந்து சரியாகத் தெரியாது. கீழே நிற்கிற சிக்னல்காரர் கை காட்டுவார். தூக்கு, நிறுத்து, மெதுவாக இறக்கு. அந்தக் கையைப் பார்த்துத்தான் இவர் கை அசையும். இருவருக்கும் வாய்க்கு வாய் 'மச்சான்'தான்.

போன மாதம் யாரோ ஆபீசுக்குப் போன் பண்ணி, கிரேன்காரருக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் பார்த்தார். இனி மேலே ஏறவே கூடாது என்றுவிட்டார். இப்போது கருவி அறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை.

மேலே இருப்பவருக்குத் தலை சுற்றினால் சரக்கு ஆடும்; அதைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற ஆள் ஒருத்தர்தான். கிரேன்காரர் நேரே போய்க் கேட்டார்.

"நீதானே போட்டுக் கொடுத்தே?"

சிக்னல்காரர் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "ஆமா மச்சான். நான்தான்."

"இனிமே மச்சான்னு கூப்பிடாதே."

அவ்வளவுதான் பேச்சு. மனுஷன் ஒரு சப்பைக்கட்டாவது கட்டியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மூலையில் அவன் தனியாகச் சாப்பிட்ட அழகை மனைவியிடம் நடித்தே காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் இரண்டு டப்பா கட்டி வைத்திருந்தாள்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"அந்த அண்ணனுக்கு."

கிரேன்காரருக்குச் சுருக்கென்றது. "அவனுக்கா? கூட இருந்தே குழி பறிச்சவனுக்கா?"

அவள் மூடியை அழுத்தி மூடினாள்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவன். பசுத்தோல் போத்தின புலி. பச்சைத் துரோகி!"

"முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?"

"இருக்கு. மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா எவனாவது இப்படிப் போன் பண்ணுவானா?"

"மனசாட்சி இருந்ததாலதாங்க நான் பண்ணினேன்."

பூட்ஸில் பாதி நுழைந்த கால் அப்படியே நின்றது.

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"காலையில எழுந்ததும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. டாக்டர்கிட்ட போலாம்னா, 'வெளியில மூச்சு விட்டே, அன்னியோட நீ யாரோ நான் யாரோ'ன்னீங்க. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க தூக்குற இரும்புக்குக் கீழ மனுஷங்க நிக்கிறாங்களே! அந்த அண்ணனே நிக்கிறாரே! அவர்கிட்டதான் ஆபீஸ் நம்பர் கேட்டேன்."

"அப்புறம் அவன் ஏன் தான்தான்னு..."

"'சரக்கு ஆடுறதை ரொம்ப நாளா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தங்கச்சி. சொல்லத் தைரியம் வரலை. நான் செய்ய வேண்டியதை நீ செய்யப் போறே. கெட்ட பேரையாவது நான் வாங்கிக்கிறேன். எனக்குப் போனா சிநேகிதம் போகும், உனக்குப் போனா வாழ்க்கையே போயிடும்'னாரு. வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டாரு. நேத்து நீங்க நடிச்சுக் காட்டினதைப் பாத்ததும், அதுக்கு மேல என்னால முடியலைங்க."

கிரேன்காரர் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. திட்டு விழும் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"அவன் நல்லாச் சாப்பிடுவான்," என்றார் கடைசியில். "இன்னும் கொஞ்சம் பெரிய டப்பாவா எடுத்திருக்கலாமே."

மதியம், வாசலில் சிக்னல்காரர் தலை தெரிந்ததும் வெல்டர் தொண்டையைக் கனைத்தார்.

"யோக்கியன் வர்றான்..."

எல்லார் கையும் டப்பா மூடிக்குப் போயிற்று.

கிரேன்காரர் எழுந்தார். வாசலில் நின்றவர் நிமிர்ந்து தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை நோக்கி மெதுவாக இறக்கினார். இத்தனை வருஷமும் அவர் மேலேயிருந்து பார்த்த சைகை அது.

சிக்னல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கால் நகரவில்லை.

"என்னண்ணே இது?" வெல்டர் திருதிருவென்று விழித்தார்.

"யோக்கியன்தாண்டா வர்றான்," என்றார் கிரேன்காரர், இரண்டு டப்பாக்களையும் திறந்தபடி. "உள்ள வெச்ச சொம்பை எல்லாம் வெளிய எடுங்க!"