கம்பி பிடிக்கும் வேலை

"இன்னைக்குமா வகுப்பு நடக்குது?"

கோவேறு கழுதையிலிருந்து இறங்கிய பேராசிரியர் அர்செசியோ கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வியப்புடன் கேட்டார். பெஞ்சுகளில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது.

"என்ன புரொபசர் இப்படிக் கேட்டுட்டீங்க? ஞாயித்துக்கிழமை தவிர எல்லா நாளும் ஆறு மணிக்கு டாண்ணு ஆரம்பிச்சிடும்" என்றாள் ஒபதுலியா. சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. முன்னறிவிப்பு இல்லாமல் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்தால், அது சோதனையாகத்தானே இருக்கும்?

தெற்குக் கொலம்பியாவின் உருளைக்கிழங்கு மலைகளுக்குப் பல்கலைக்கழகம் ஏறி வந்தது வானொலி வழியாகத்தான். பள்ளி வாசலை மிதிக்காத பெரியவர்களுக்கு மாலைதோறும் பாடம். ஊருக்கு ஒரு வானொலிப் பெட்டி. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர். அவர் கையில் ஒரு பாடநூல். இந்த ஊரின் உதவியாளர் ஒபதுலியா. பெட்டி பழுதானால் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அத்துடன் வகுப்பும் நின்றுவிடும் என்பது விதி.

சென்ற மழைக்காலத்தில் இடி விழுந்து பெட்டி கருகிப்போயிற்று. நவம்பரில் பரீட்சை. 'இனிமே எந்தத் தாள்லயும் கட்டைவிரல் வைக்க மாட்டேன். பேரைத்தான் எழுதுவேன்' என்று கிழவர் எலியோதோரோ ஊரறியச் சபதம் செய்து, அப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தார்.

பெட்டி கருகியதைப் பற்றி ஒபதுலியா யாரிடமும் மூச்சு விடவில்லை. பெட்டியைப் பலகைச் சுவருக்கு அப்பால் தன் சமையலறைக்கு மாற்றினாள். அதன் ஏரியல் கம்பியைக் கையால் பிடித்தால்தான் குரல் வருகிறது என்று ஊருக்குச் சொன்னாள். மூக்கைச் சற்றே அழுத்திக்கொண்டு, வானொலி ஆசிரியையின் நகரத்துக் குரலில், அன்று முதல் அவளே பாடம் நடத்தினாள். நம்பி வந்து உட்காரும் முகங்களைப் பலகை இடுக்கு வழியே பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு உறுத்தும்.

பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒபதுலியாவின் தோழி எர்மெலிந்தா சூடான வெல்லத் தண்ணீரை அவர் கையில் திணித்து, முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள்.

"மணியாச்சு கொமாத்ரே, போய்க் கம்பியைப் பிடி!" என்று தோழியை விரட்டினாள்.

"நான் பிடிக்கட்டுமா?" என்று எழுந்தார் பேராசிரியர்.

"ஐயையோ, வேணாம் புரொபசர்! அது ஆள் பார்த்துத்தான் பேசும். போன வாரம் என் வீட்டுக்காரர் பிடிச்சாரு, ஒரே கொர்ருகொர்ருதான்" என்றாள் எர்மெலிந்தா.

"அது ரேடியோ இல்ல, உன் புருஷன் குறட்டை" என்றார் எலியோதோரோ. கொட்டகை சிரித்தது.

ஒபதுலியா உள்ளே ஓடினாள். வானொலியில் ஆறு மணி அடிப்பதுபோல், செப்புச் சட்டியில் கரண்டியால் ஆறு முறை தட்டினாள். மூக்கைப் பிடித்தாள்.

"அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். இது பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வி ஒலிபரப்பு. எழுதிக்கொள்ளுங்கள்: நான் விதைத்த நிலம் என் பெயரில் இருக்கிறது."

பென்சில்கள் ஓடின. குரல் மெல்லத் தெளிந்து கம்பீரமாயிற்று. பேராசிரியர் கண் கொட்டாமல் பலகைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடுக்கு வழியே பார்த்தாள். விடியலிலிருந்து கிழங்கு தோண்டிய எலியோதோரோவின் தாடை மார்பில் சாய்ந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எலியோதோரோ! பெரிய மனுஷர் வந்திருக்கிற நேரத்துலயா தூங்கறது? எழுதும்யா!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

கொட்டகையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. எலியோதோரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதோ எழுதறேன், டீச்சர்" என்று பென்சிலை எடுத்தார்.

பேராசிரியர் குவளையைக் கீழே வைத்தார். "பெரியவரே, ரேடியோ உங்க பேரைச் சொல்லித் திட்டிச்சே?"

"தினமும் திட்டுமே! ஏன் புரொபசர், உங்க ஊர் ரேடியோ திட்டாதா?" கிழவர் எழுதிக்கொண்டே சொன்னார். "பழைய ரேடியோவுக்கு நான் தூங்கினாலும் தெரியாது. பெட்டி கருகினப்புறம்தான் எனக்கு எழுத்தே படிஞ்சுது."

ஒபதுலியா வாயிலிருந்து கையை எடுத்தாள். அத்தனை பேருக்கும் தெரியும். இடி விழுந்த நாளிலிருந்தே தெரியும்! அவள் வெளியே வந்து நின்றாள்.

"பெட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க புரொபசர். இவங்க பரீட்சையை மட்டும் நிறுத்திடாதீங்க."

பேராசிரியர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"பரீட்சையை யாரும்மா நிறுத்தறது? ஞாயித்துக்கிழமைப் புயல்ல எங்க ஒலிபரப்புக் கோபுரமே சாஞ்சுபோச்சு. இனி வகுப்பு இல்லன்னு ஊர் ஊராச் சொல்லிட்டு வரேன். இந்த மலை முழுக்க இன்னைக்குப் பேசற பல்கலைக்கழகம் இது ஒண்ணுதான். போங்க, போய்க் கம்பியைப் பிடிங்க!"