திரும்பிய கப்பல்

திரையில் ஒரு கப்பல் எரிந்து மூழ்கியது. எண்ணெய் படர்ந்த கடலில் தலைகள் மிதந்தன.

வில்ஃப் ரிம்மர் முன்சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிப்பவன். விடுப்பில் லிவர்பூலுக்கு வந்த இடத்தில், வேறு ஏதாவது படம் பார்க்கலாமே என்று மனைவியிடம் கெஞ்சிப் பார்த்தான். இதுதான் வேண்டும் என்று ஹில்டா ஒற்றைக்காலில் நின்றாள்.

"திருப்புடா கப்பலை! நம்ம பசங்க தண்ணியில கிடக்கானுங்க!" என்று படத்தில் வேறொரு கப்பலின் கேப்டன் கத்தினார்.

கப்பல் திரும்பியது. அரங்கமே கைதட்டியது.

நிஜத்தில் அப்படித் திரும்ப முடியாது. போர்க்காலத்தில் கூட்டமாகப் போகும் கப்பல்களில் ஒன்று எதிரி நீர்மூழ்கியின் குண்டில் அடிபட்டால் மற்றவை நிற்கக் கூடாது என்பது உத்தரவு. நின்றால், அடுத்த குண்டு நிற்கிற கப்பலுக்கு.

போன குளிர்காலத்தில், ஒரு மங்கலான அந்திப்பொழுதில், அவனுக்கு முன்னால் போன கப்பல் அடிபட்டது. தண்ணீரில் கிடந்தவர்களின் மிதவைச் சட்டைகளில் எரிந்த சின்னச் சிவப்பு விளக்குகள் அவன் கப்பலின் இரண்டு பக்கமும் வந்தன, போயின. ஒருவன் கையசைத்துச் சிரித்தான். நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

அந்தக் கப்பலில்தான் ஹில்டாவின் தம்பி சிரில் இருந்தான்.

தூக்கத்திலேயே போய்விட்டான், அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று வில்ஃப் வீட்டில் சொல்லியிருந்தான்.

திரையில் ஒரு பையனைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போட்டார்கள். வாயிலிருந்த எண்ணெயைத் துப்பிவிட்டு, அவன் டீ கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஹில்டா எழுந்துவிட்டாள். "வா, போலாம்."

கதவருகே டார்ச் விளக்குடன் நின்ற பெண்மணி அவளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"என்ன கண்ணு, இன்னிக்கும் அந்தப் பையன் பிழைச்சதும் கிளம்பிட்டியா? ஒருநாளாவது முடிவைப் பாக்கக் கூடாதா?"

ஹில்டா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. டிராம் ஒன்று கடந்து போனது. வில்ஃப் எதையோ சொல்லத் தொடங்கியபோது ஹில்டா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க கப்பல் ஆள் ஒருத்தன் குடிச்சுட்டு எல்லாத்தையும் என்கிட்ட கொட்டிட்டான், வில்ஃப். அன்னிக்கு சுக்கான் உன் கையிலதான் இருந்துச்சாமே."

அவன் தலை கவிழ்ந்தது.

அவள் தன் கைக்குட்டையை அவனிடம் நீட்டினாள்.

"நாளைக்கும் என்கூட வர்றியா?"