தவக்காலத்தில் மீன் விலை

"ஈஸ்டர் வரைக்கும் ஐரோப்பால மீன் விலை இறங்கும்னு நீங்கதானே எழுதினீங்க, பத்ரி?"

மேனேஜர் செழியன் வீடியோ காலில் சிரிக்காமல் கேட்டார்.

"ஆமா சார்."

"ஏறிடுச்சு! உங்க ரிப்போர்ட்டை நம்பி வாங்காம வெயிட் பண்ண கிளையன்ட் எல்லாம் என்னைத் திட்டறாங்க. எதை வச்சு எழுதினீங்க?"

"தவக்காலம் சார். கிறிஸ்டியன்ஸ் விரதம் இருப்பாங்க. நம்மூர்ல புரட்டாசி மாசம் மீன் மார்க்கெட் ஈயடிக்குமே, அதே மாதிரி..."

"அட கடவுளே! ஸ்பெயின், போர்ச்சுகல்ல எல்லாம் தவக்காலத்துல கறியைத்தான் விடுவாங்க. அதுக்குப் பதிலா மீன்தான் சாப்பிடுவாங்க. திங்கட்கிழமை வைஸ் பிரசிடென்ட் கால்ல நீங்களே எக்ஸ்ப்ளைன் பண்ணுங்க. என்னால உங்களைக் காப்பாத்த முடியாது."

கால் கட்டானது. வேலை போனால் அமெரிக்க விசாவும் போகும்.

நான் மயிலாப்பூர். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். ஆனால் எனக்குச் சோறு போடுவது ஐரோப்பிய மீன் விலை. மீனை எக்செல்லில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் "கமாடிட்டி அனலிஸ்ட்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கோதுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கணிப்பைக்கூட நான் சும்மா எழுதிவிடவில்லை. பிரிட்ஜ்வாட்டரில் நானும் என் மனைவி அஞ்சனாவும் இருக்கும் டவுன்ஹவுஸோடு சுவர் ஒட்டிய வீட்டில் ஜெபதாஸ் இருக்கிறார். தூத்துக்குடிக்காரர், மீன் இல்லாமல் சோறு இறங்காது. தவக்காலம் தொடங்கியதும் அந்த வீட்டு மீன் வாடை சட்டென்று நின்றுவிட்டது. விசாரித்தேன்.

"தவக்காலம்லா பத்ரி, மீன் கிடையாது" என்றார்.

எனக்கு அது போதும். "நேரடிக் கள ஆய்வு" என்று போட்டு, மொத்த ஐரோப்பாவையும் ஜெபதாஸ் வீட்டு அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

இப்போது கோபமெல்லாம் அவர் மேல் வந்தது. என் மேல் வரவில்லை, அதுதான் என் சுபாவம். நேராகப் போய் பெல் அடித்தேன். ஜெபதாஸும் அவர் மனைவி ஜெயலீலாவும் வந்து கதவைத் திறந்தார்கள்.

"தவக்காலத்துல மீன் சாப்பிடலாமாமே! ஏன் பொய் சொன்னீங்க? உங்களால என் வேலையே போகப் போறது!"

ஜெபதாஸ் தலையைச் சொறிந்தார்.

"நீங்க ரிப்போர்ட்டுக்குக் கேக்குறீங்கன்னு தெரியாதே பத்ரி."

"அப்போ நீங்க சாப்பிடுவீங்களா?"

"கறிதான் கிடையாது. மீன் எல்லா வருஷமும் உண்டு."

"பின்னே இந்த வருஷம் மட்டும் ஏன்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயலீலாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நாங்க மீன் பொரிக்கும்போதெல்லாம் அஞ்சனா வாந்தி எடுக்கிற சத்தம் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. பாவம், மாசமா இருக்கிற பிள்ளை. உங்களுக்காக நிறுத்திட்டோம்னு சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. அதான் தவக்காலம்னு சொல்லிட்டோம்."

நான் மெதுவாகப் படியிறங்கத் திரும்பினேன்.

"இப்ப வாந்தி நின்னுட்டா தம்பி?" என்றார் ஜெயலீலா. "நின்னுட்டுன்னா, ஈஸ்டருக்காவது கொஞ்சம் மீன் பொரிச்சுக்கட்டுமா?"