ஊருக்கெல்லாம் கண்ணு

“கண்ணு,” என்றான் இவள் புருஷன். சொன்னது இவளைப் பார்த்து இல்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த சின்ன வயசுப் பெண்ணைப் பார்த்து.

ஒருக்களித்த கதவின் இடுக்கு வழியாக இவள் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள். உடனே அவனும் தன் உதட்டின் மேல் விரலை வைத்தான்.

அடிப்பாவி! அப்படி என்ன ரகசியத்தை ரெண்டு பேரும் மூடி மறைக்கிறார்கள்?

“பார்த்தீங்களா அண்ணி, அண்ணன் எவ்வளவு தேறிட்டாரு!” என்று பக்கத்தில் நின்ற கொழுந்தன் பல்லைக் காட்டினான். வாரா வாரம் அண்ணனை இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறவன் அவன்தான். பயிற்சி நடக்கும்போது இவள் வந்தது இன்றைக்குத்தான் முதல் தடவை. இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்தால் வீட்டில் உலை கொதிக்காது.

புருஷன் கிடங்கில் மூட்டை தூக்கிய மனுஷன். ஒரு நாள் மூட்டையோடு மூட்டையாகச் சாய்ந்தான். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்து வலக்கை போனது, கூடவே பேச்சும் போனது. அத்தனை பேச்சும் போய் மிச்சம் நின்றது ஒரே ஒரு சொல்.

தண்ணீர் வேண்டுமென்றாலும் கண்ணு, ஃபேனை நிறுத்தென்றாலும் கண்ணு. கூடப் பிறந்த தம்பிக்கும் கண்ணு, வார்டு பெருக்க வருகிறவளுக்கும் கண்ணு. பேச்சு சொல்லிக்கொடுக்கிற இந்த டீச்சரைக் கண்டால் கேட்கவே வேண்டாம்.

கல்யாணம் கட்டிய நாள் முதல் இவளுக்கு வாய்த்தது வேறு சொல். “ஏ வாயாடி, சட்டை எங்கே? வாயாடி, கதவைச் சாத்து.” அதனால் விழுந்த புதிதில் அவன் இவளையும் கண்ணு என்றபோது, சீக்கு வந்தாலும் இப்படி ஒரு சீக்கு வரட்டும் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள்.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. எப்போது இந்த டீச்சரிடம் போக ஆரம்பித்தானோ, அப்போதே இவளைக் கண்டால் வாயில் பூட்டு. உதட்டில் விரலை வைத்து இறுக்க மூடிக்கொள்வான். கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், ஒரு சத்தம் வராது. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

“அண்ணி, அது வேற ஒண்ணுமில்ல. டீச்சரே வீட்ல சொல்லச் சொன்னாங்க…”

“நீ எதுவும் சொல்ல வேணாம். சீக்கு என்ன ஆளைப் பார்த்தா வரும்? பெருக்குறவளுக்கு வர்ற சொல்லு எனக்கு வராதா? இன்னைக்கே உங்கண்ணனை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. துணி தேய்ச்சு நான் தேஞ்சது போதும்.”

“ஐயோ, எங்க வீட்ல கட்டிலைப் போட்டா கதவைத் திறக்க முடியாது அண்ணி!”

அதற்குள் இவள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“நல்லா இருக்கும்மா உன் வைத்தியம்! ஊருக்கெல்லாம் கண்ணு, கட்டினவளுக்கு மண்ணு!”

புருஷன் நிமிர்ந்து பார்த்தான். விரல் தானாக உதட்டுக்குப் போனது.

“பாரு, பாரு! உன் முன்னாலயே என்னை வாயை மூடச் சொல்றதைப் பாரு!”

“அக்கா, உங்களை இல்லை. அவர் வாயைத்தான் அவர் மூடுறார்.” டீச்சர் எழுந்து இவள் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். “வீட்ல சொல்லலையா?”

“எங்க பேச விட்டாங்க?” என்றான் வாசலில் நின்ற கொழுந்தன்.

“ஒட்டிக்கிட்ட சொல்லு ஒண்ணு இருந்தா, அதுதான் எல்லாத்துக்கும் முந்திக்கிட்டு வரும் அக்கா. முன்னெல்லாம் நான் அதைக் கண்டுக்காம, படத்தைப் படமா காட்டிப் பேர் சொல்ல வைப்பேன். இப்ப வந்திருக்கிற ஆராய்ச்சியெல்லாம் படிச்சிட்டு மாத்திக்கிட்டேன். முதல்ல உதட்டுல விரலை வச்சு அந்தச் சொல்லை வாசல்லயே நிறுத்தணும். அப்புறம் அவர் மனசுக்கு வேணுங்கிற ஒரு சொல்லை அவரே தேடணும். யார்கிட்ட பேசணும், எடுங்கன்னு வீட்டுப் போட்டோவையெல்லாம் பரப்பி வச்சேன்.”

மேசையில் தம்பி இருந்தான், தம்பி பிள்ளைகள் இருந்தார்கள், கிடங்குக் கூட்டாளிகள் இருந்தார்கள். ஒரு படம் மட்டும் தனியாக, ஓரமெல்லாம் கசங்கி, அவன் இடக்கைக்குக் கீழே கிடந்தது. அதில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் யாரையோ ஏசிக்கொண்டு, திறந்த வாய் மூடாமல் இவள்.

“மத்தவங்களுக்கு அந்தப் பழைய சொல்லே போதும்னு இருக்கார். உங்களுக்கு மட்டும் அதைத் தரமாட்டேங்குறார். என்ன தேடுறார்னு எனக்கே தெரியல. நீங்க கொஞ்சம் பேசாம இருந்தீங்கன்னா…”

பிறந்ததிலிருந்து இவளிடம் யார் கேட்டும் நடக்காத காரியம் அது. இன்றைக்கு நடந்தது.

அவன் விரல் உதட்டில் அழுந்தியது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. பெரிய மூட்டையை முதுகில் ஏற்றும்போது வருமே, அந்த முனகல் வந்தது. இந்தத் தடவை அவன் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. விரல் மெல்லக் கீழே இறங்கியது.

“வா… யா… டி.”